பிறந்தநாளுக்கு வரும் கொக்குகள்

பிள்ளைக்கு முதற்பல் எட்டிப்பார்த்ததும் ஈழத்து வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல்லின் அளவுக்குச் சிறிதாக நறுக்கி, கொழுக்கட்டையின் விளிம்பில் வரிசையாகக் குத்திவிட, அது பல்லைக் காட்டிச் சிரிக்கும் வாய் மாதிரி ஆகிவிடும். பிள்ளையை இருத்தித் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து அந்தக் கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, நகை என்று சிலதைப் பரப்பி, பிள்ளையின் கை எதற்குப் போகிறது என்று வீடே பார்த்திருக்கும். இன்று நகரத்துக் கடைகள் 'தீம் பார்ட்டி' என்று விற்பதற்கு வரைவிலக்கணம் கேட்டால் இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. கொண்டாட்டத்துக்கு ஒரு கருப்பொருள், இங்கே பல். அதைச் சாப்பாடும் சடங்கும் சேர்ந்து திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இதற்கு வேண்டியது அரிசிமாவும் பயறும் ஒரு தேங்காயும்தான். தீம் என்பது புதிதாக வந்து சேர்ந்த ஆடம்பரம் என்று நினைப்பவர்களும், காசில்லாமல் அது நடக்காது என்று ஒதுங்குபவர்களும் முதலில் இந்தக் கொழுக்கட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றையே எடுத்து, அதைப் பல இடங்களில் பல உருவில் சொல்வதுதான் தீம். அப்படியானால் அது செலவைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு நிறமும் ஒரு உருவமும் தீர்மானமானவுடன், வாங்க வேண்டாதவற்றின் பட்டியல் நீண்டுவிடும். ஆனால் நடப்பது நேர்மாறு. தீம் என்ற சொல் கடைக்குள் போனதும் அது பொருட்களின் தொகுதியாகிவிடுகிறது. பெயர் எழுதிய பதாகை, மினுங்கும் திரை, அதே படம் போட்ட கோப்பை, தொப்பி, பலூன், கேக்கின் மேல் குத்தும் அட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கிறது. ஒன்று குறைந்தாலும் சோடனை முழுமையில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அன்றாட உழைப்பில் வாழும் குடும்பம் இந்த இடத்தில்தான் கடன்படுகிறது. செலவைக் குறைக்க மலிவான பொருட்களைத் தேடுவது பாதி வழிதான். கருப்பொருளை வீட்டு முற்றத்திலிருந்தும் ஊரிலிருந்தும் எடுத்தால் பொருட்களும் அங்கிருந்தே வரும் என்பதே நான் சொல்ல வருவது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையில் இருக்கும் கொக்கிளாயை எடுத்துக்கொள்வோம். பெயரின் முதலிலேயே கொக்கு நிற்கிற ஊர். பக்கத்து ஊர் கொக்குத்தொடுவாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. களப்புக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை. இந்தக் களப்பை 1951இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகப் படங்கள் அல்ல, பள்ளிக்கூடம் போகும் வழியில் தெரிபவை. மேயும் மாட்டோடு கூடவே நடக்கும் உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். தண்ணீரில் கால் வைத்து நிற்கும் சின்னக்கொக்குக்கு அலகு கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்துக்கொள்ளும், சங்குவளை நாரை நீட்டிக்கொண்டே பறக்கும். இவ்வளவும் தெரிந்த பிள்ளையிடம் வெள்ளைக் கடதாசியையும் மஞ்சள், கறுப்பு நிறக்கட்டிகளையும் கொடுத்தால் போதும், தீம் தயார். கொக்குக்கு வேண்டிய நிறங்கள் மூன்றே மூன்று என்பது சிக்கனத்துக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. பல நிறங்களைக் கலந்த சோடனையைவிட மூன்று நிறச் சோடனை எப்போதும் வடிவாகத் தெரியும்.

அழைப்பிதழிலிருந்து தொடங்கலாம். ஏ4 தாளை இருமுறை மடித்து வெட்டினால் நான்கு துண்டுகள் வரும். 24 அழைப்பிதழுக்கு 6 தாள் போதும். ஒரு தாளின் நான்கு கட்டங்களிலும் கறுப்புப் பேனையால் ஒரு கொக்கின் வெளிக்கோட்டை வரைந்து, கீழே விபரத்தை எழுதி, அந்த ஒரே தாளைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுக்கலாம். நிறப் பிரதிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 24 அலகுகளுக்கு மஞ்சள் தீட்டும் வேலை பிறந்தநாள்காரருக்கு உரியது. சிறகை இன்னும் எளிதாகச் செய்யலாம். பிள்ளையின் கையை விரல் விரித்துத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடிழுத்து வெட்டினால் ஐந்து விரலும் ஐந்து இறகு. அதன் அடியில் மட்டும் பசை தடவிக் கொக்கின் முதுகில் ஒட்டினால் சிறகு தாளைவிட்டு எழும்பி நிற்கும். அம்மம்மாவுக்கும் மாமாவுக்கும் போகும் நாலைந்துக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். அந்த வயதுக் கையின் அளவு அதிலேயே பதிவாகிவிடும், அடுத்த வருடம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுத வேண்டியது பெயர், வயது, நாள், நேரம், இடம் மட்டுமே. ஊருக்குள் வீட்டு இலக்கத்தைவிடக் கோயிலும் சந்தியும் கிணறும்தான் வழி சொல்லும் என்பதால், அவற்றைச் சின்னப் படமாகவே வரைந்துவிட்டால் அதுவும் அலங்காரமாகிவிடும்.

அழைப்பிதழ் எளிமையாக இருப்பதற்குக் காசைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. பளபளக்கும் கனத்த அட்டை ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால், அந்த வீடு கொண்டுபோக வேண்டிய அன்பளிப்பின் கனமும் கூடவே தீர்மானமாகிவிடுகிறது. அதற்கு வசதியில்லாதவர்கள் காய்ச்சல், தலையிடி என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடுவார்கள். பிள்ளை கையால் வரைந்த கொக்கு அப்படி எதையும் கேட்பதில்லை, ஒரு பென்சிலோடு வருபவரையும் கூச்சமில்லாமல் வரவழைக்கும். தொலைபேசியில் படமாக அனுப்பிவிட்டால் செலவே இல்லையே என்று கேட்கலாம். தூரத்து உறவுகளுக்கு அது சரி. பக்கத்து வீடுகளுக்கு நேரே போய்ச் சொல்வதுதான் எங்கள் வழக்கம், அந்த வழக்கத்தில் பிள்ளையும் நடந்துபோகட்டும். தானே செய்த ஒன்றைத் தன் கையால் நீட்டி, 'மாமி, கட்டாயம் வாங்கோ' என்று சொல்லும் நாளிலேயே அதற்குப் பிறந்தநாள் தொடங்கிவிடும்.

சோடனைக்கு மூன்று இடங்கள் போதும்: வாசல், கேக் மேசை, அதன் பின்சுவர். வீடு முழுவதையும் சோடிக்க நினைப்பதில்தான் காசும் உடம்பும் கரைகின்றன. வாசலுக்குத் தென்னங்குருத்தோலைத் தோரணம். ஓலையைக் குருவியாக மடிக்கும் கை ஊருக்கு ஊர் இருக்கிறது. மங்கல வீட்டுத் தோரணத்தையும் இழவு வீட்டுத் தோரணத்தையும் அந்த மடிப்பே பிரித்துக் காட்டும் என்பதால், தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடிக்க வேண்டும். பறவைத் தீமுக்குக் கொக்கிளாயின் வாசலில் ஏற்கெனவே குருவி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பின்சுவருக்கு வீட்டிலுள்ள ஒரே நிற நீலச் சேலையை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டினால் அதுவே களப்பு. அதன்மேல் வெள்ளைக் கொக்குகள் ஒரே திசையில் பறக்கட்டும். கீழே உள்ளவை பெரிதாகவும் மேலே போகப்போகச் சிறிதாகவும் இருந்தால் தூரம் தெரியும். சேலையில் பசை படக்கூடாது, குண்டூசியாலோ நூலாலோ பிடிக்கலாம். மற்ற இடங்களில் ஒட்டுவதற்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சிய பசை போதும், பட்டம் கட்டுகிற எவருக்கும் இது தெரியும். மேசையில் வாழையிலை, சிப்பி, கொஞ்சம் மணல். வந்த பிள்ளைகளுக்கு இனிப்பைக் கொடுத்தனுப்பப் பிளாஸ்டிக் பைக்குப் பதில் பனங்கட்டிக் குட்டான் மாதிரியான சின்ன ஓலைப் பெட்டிகள். பின்னத் தெரிந்தவரிடம் அவற்றைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். சோடனைக்கென்று செலவாகும் காசு ஊருக்குள்ளேயே இன்னொரு வீட்டுக்குப் போவதானால் அது வீண்செலவாகாது.

இதற்கெல்லாம் முதல் எதிர்ப்பு பிள்ளையிடமிருந்தே வரும். தொலைபேசியில் ஸ்பைடர்மேனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கொக்கு எதற்கு? நியாயமான கேள்வி. பிள்ளை விரும்பாத கருப்பொருளைப் பெற்றோர் திணித்தால் அது பெற்றோரின் பிறந்தநாளாகிவிடும். ஸ்பைடர்மேன்தான் வேண்டுமென்றால் அதையே எடுக்கலாம். அப்போதும் அவருடைய அச்சிட்ட முகம் தேவையில்லை. சிவப்பு, நீலக் கடதாசியும், கதவு நிலையில் தும்புக்கயிற்றால் பின்னிய ஒரு பெரிய சிலந்தி வலையும் போதும். கையால் செய்தது கடைச் சாமானுக்கு முன்னால் மங்கித் தெரியும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. மைக்கேல் நோர்ட்டன், டானியல் மோச்சோன், டான் ஏரியலி ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில் சிலரைக் கடதாசியில் கொக்கும் தவளையும் மடிக்கச் சொல்லி, அவற்றை வைத்துக்கொள்ள எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மடித்தவர்கள் தங்கள் கோணல் கொக்குக்குச் சராசரியாக 23 அமெரிக்கச் சதம் கொடுக்கத் தயாராயிருந்தார்கள். அதே கொக்குக்கு மற்றவர்கள் மதித்தது 5 சதம். கைதேர்ந்தவர்கள் மடித்த கொக்குக்குக் கிடைத்ததே 27 சதம்தான். செய்தவர் கண்ணுக்குத் தன் கைவேலை தேர்ந்தவர் வேலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வேலையை முடிக்கவிடாமல் பாதியில் நிறுத்தியவர்களிடம் இந்தப் பற்று உண்டாகவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள்தான், ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும் இதை ஒத்துக்கொள்வார்கள். அதனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் கடதாசிக் கொக்கு மடிப்பைக் கொடுக்காமல், அலகு தீட்டுவது, சிறகு ஒட்டுவது போல முடிக்கக்கூடிய வேலையைக் கொடுக்க வேண்டும். பெரியவர் பின்னால் வந்து 'திருத்தி' எழுதக்கூடாது. கோணலாக இருந்தால் கோணலாகவே பறக்கட்டும்.

இரண்டாவது எதிர்ப்பு கௌரவம். படம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. இதை அற்பம் என்று நான் தள்ளமாட்டேன். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், பக்கத்துக் கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகுதான் அவர்களால் திரும்பிவர முடிந்தது. அத்தனை வருடம் பிறந்தநாட்கள் அந்நிய ஊர்களிலும் முகாம்களிலும் வந்து போயின. அப்படிப்பட்ட குடும்பம் தன் பேரப்பிள்ளைக்காவது எல்லோரையும்போல விமரிசையாகச் செய்துபார்க்க விரும்புவதில் பிழை என்ன இருக்கிறது? கொண்டாட்டம் வேண்டும். ஆனால் எந்த நாட்டில் எடுத்தாலும் ஒரே மாதிரித் தெரியும் மினுங்கல் திரைக்கு முன்னால் நிற்கும் படத்தில் ஊர் எங்கே இருக்கிறது? நீலச் சேலையும் குருத்தோலையும் வெள்ளைக் கொக்கும் உள்ள படத்தை ரொரன்ரோவில் இருக்கும் சித்தி பார்த்தால், அது எங்கே எடுத்தது என்று கேட்கவேண்டியிருக்காது. ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்பதை அதைவிடத் தெளிவாக ஒரு படத்தில் சொல்ல முடியாது.

சோடனையில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பொலித்தீனைப் பற்றிச் சட்டமே பேசியிருக்கிறது. 2017 செப்டெம்பர் முதலாம் திகதி முதல் இலங்கையில் அரசியல், சமூக, சமய, கலாசார நிகழ்வு எதிலும் பொலித்தீனைச் சோடனைக்குப் பயன்படுத்துவது தடை. 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் மாலைகளும், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பைகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. பலூனுக்குத் தடையில்லை. ஆனால் கடற்கரை ஊரில் அதைத்தான் முதலில் விடவேண்டும் என்பேன். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கடற்பறவைகள் 1,733ஐ ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, கடினப் பிளாஸ்டிக்கை விழுங்கிய பறவையைவிடப் பலூன் துண்டை விழுங்கிய பறவை இறக்கும் வாய்ப்பு 32 மடங்கு என்று கண்டது. மென்மையான துண்டு குடலில் அடைத்துக்கொள்கிறது. முற்றத்தில் வெடித்த பலூன் காற்றோடு களப்புக்குப் போய்ச்சேர அதிக நேரம் எடுக்காது. சுவரில் கொக்கைப் பறக்கவிட்டுக்கொண்டு களப்பில் இருக்கும் கொக்குக்கு அதைப் போடலாமா? இதேபோல உண்மையான இறகுக்காகவோ முட்டைக்காகவோ சரணாலயத்துக்குள் போகவும் கூடாது, கண்டல் கிளைகளை வெட்டவும் கூடாது.

நேரம் இல்லையே என்பவர்களுக்கு: மூன்று மாலைப்பொழுது போதும். முதல் மாலை அழைப்பிதழ், இரண்டாவது கொக்குகள், பிறந்தநாளுக்கு முந்திய மாலை ஓலை. மாரிகாலத்துப் பிறந்தநாளானால் கிறேப் கடதாசியை வெளியில் கட்டவேண்டாம், ஈரம் பட்டதும் சாயம் இறங்கிச் சுவரையும் சட்டையையும் கெடுக்கும். வாசலுக்கு ஓலை மட்டுமே. சோளகம் அடிக்கும் மாதங்களில் கடதாசிக் கொக்குகளை ஒற்றை நூலில் தொங்கவிட்டால் சுற்றிச் சிக்கிக்கொள்ளும், ஈர்க்கில் குத்தி நிறுத்தினால் நிற்கும். வெட்டிய குருத்தோலையை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் மறுநாள் பின்னேரம் வரை வாடாது. மெழுகுதிரியும் குத்துவிளக்கும் கடதாசிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கொக்குகளை மட்டும் அழைத்தவர்களின் எண்ணிக்கையைவிட ஐந்தாறு கூடுதலாகச் செய்து வைத்திருப்பது நல்லது. முடிந்து வெளிக்கிடும்போது ஒவ்வொரு பிள்ளையும் சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கேட்கும், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குட்டித் தம்பிமாரும் கேட்பார்கள்.