பீடிக்கு யார் போடும் கணக்கு?

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மதிய நேரத்தில் போனால், மடியில் தட்டோடு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நனைத்த இலையை அளவாக வெட்டி, புகையிலைத் தூளைப் போட்டு உருட்டி, நுனியை மடக்கி நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. சரியில்லை என்று கம்பெனி கழித்துப்போட்டால் நஷ்டம் சுற்றியவருக்கு.

புகையிலைக்கு மத்திய அரசு விதி கொண்டுவரும்போதெல்லாம் இவர்களைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போடும் விதியை 2015-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று நிறுத்திவைக்கச் சொன்னது. தொழிலாளர் பிழைப்பையும் காரணம் காட்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தாவே பீடி அதிபர்! ஓராண்டு தள்ளிப்போய், 2016 ஏப்ரலில் விதி அமலானது.

மறுபக்கம் பெரிய தொகை. பீடிப் புகையால் வரும் நோய்க்கும் அகால மரணத்துக்கும் நாடு கொடுக்கும் விலை, 2017-இல் சுமார் 80,550 கோடி ரூபாய் என்கிறது ஓர் ஆய்வு. பீடியால் கிடைத்த கலால் வரி அதில் அரை சதவீதம்தான். கூட்டிக் கழித்தால் கட்டுப்பாடு லாபமே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லாபம் நாடெங்கும் புகைப்பவர் வீடுகளுக்குப் போகிறது. நஷ்டம் முக்கூடல் இருக்கும் தாமிரபரணிக் கரை போன்ற சில இடங்களில் குவிகிறது. இப்படிக் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. அமெரிக்காவில் விதிகளுக்குச் செலவு-பயன் கணக்கு வேண்டும் என்று 1981-இல் அதிபர் ரீகன் ஆணையிட்டார். 1993-இல் கிளின்டன் போட்ட ஆணை, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்கச் சொன்னது. நம் ஊரில் 2014-இல் வந்த கொள்கைப்படி, சட்ட வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்; வாழ்வாதாரப் பாதிப்பையும் சொல்ல வேண்டும். கொள்கைதான், சட்டமல்ல.

ஈடுகட்ட ஒரு வழி இருக்கத்தான் செய்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மீது செஸ் என்ற தனி வரி வசூலித்தார்கள்; கடைசியில் ஆயிரத்துக்கு 5 ரூபாய். பிள்ளைகளின் உதவித்தொகை, வீடு, முக்கூடல் மருத்துவமனை போன்றவற்றுக்கு அந்தப் பணத்தில் இயங்கிய நலநிதிதான் ஆதாரமாக இருந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது செஸ் ஒழிந்தது. பீடிக்கு 28 சதவீத வரி வந்தது, ஆனால் அது பொதுக் கஜானாவுக்கு. நலத்திட்டம் பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி நிற்கிறது.

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடிக்கு 18 சதவீதம், பீடி இலைக்கு 5 சதவீதம் என்று குறைக்க முடிவு செய்தது. செஸ் திரும்புவது பற்றியோ, ஆயிரத்துக்கான கூலி பற்றியோ அந்த முடிவில் பேச்சே இல்லை.