ஜீப்புக்குள் ஒரு பட்டறை

மணாலி–லே சாலையில் ஜீப்பின் ஸ்பிரிங் பிராக்கெட் உடைந்தால் பட்டறையைத் தேடி எங்கே போவது? தில்லியில் என் நண்பர் ஒருவர் பட்டறையையே ஜீப்புக்குள் வைத்துவிட்டார்.

காற்றுக்கு, மாயாபுரி காயலான் கடையில் வாங்கிய பழைய கார் ஏ.சி. கம்ப்ரஸர். என்ஜின் பெல்ட்டே அதைச் சுற்றும். யார்க் வகை கிடைத்தால் அதிர்ஷ்டம். எண்ணெய் அதன் அடித்தொட்டியிலேயே நிற்கும். மற்ற பலவற்றில் எண்ணெய் குளிர்வாயுவோடு சேர்ந்து ஓடுவது. வெறும் காற்றை இழுத்தால் சீக்கிரம் இறுகிவிடும். காற்றுத் தொட்டிக்கு சேஃப்டி வால்வு கட்டாயம். தங்லங் லா கணவாயில், 5,300 மீட்டர் உயரத்தில், காற்றே மெலிவு. டயர் நிரம்பப் பொறுமை வேண்டும்.

வெல்டிங்குக்கு 12 வோல்ட் பாட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். இரண்டை வைத்தும் ஒப்பேற்றலாம், ஆனால் ராடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பாட்டரிகளை வண்டியிலிருந்து கழற்றி, நீளக் கம்பி போட்டு, எட்ட வைக்க வேண்டும். அவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். நண்பர் முதல் தடவை பக்கத்திலேயே வைத்துப் பற்றவைத்தார். பாட்டரி மூடி பறந்தது. முகக்கவசம் கண்ணைக் காத்தது. சட்டைதான் ஆசிடில் பொத்தலாயிற்று. அந்தச் சட்டையை அவர் மனைவி தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் எடுத்துக் காட்டுகிறாராம்!