உங்களுக்குத் தெரியுமா? – ராஜம் கிருஷ்ணன்

நியூ ஜெர்சி பிஸ்கட்டவேக்காரர்கள் பக்கத்து எடிசனில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் நியூயார்க். அந்த ஊரின் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழ் நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் 1950லேயே பரிசு வாங்கிய தமிழ்ப் பெண் ராஜம் கிருஷ்ணன்!

முசிறியில் 1925இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. வீட்டு வேலைக்கு நடுவே தானே படித்து எழுத வந்தவர். தமிழுக்காக சாகித்திய அகாதெமி விருது பெற்ற முதல் பெண் இவர்தான் (1973, ‘வேருக்கு நீர்’).

யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களிடமே போய்விடுவார். ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரிப் படுகர்களிடம் பழகி எழுதியது. ‘கரிப்பு மணிக’ளுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு உப்புநீரில் நின்று நின்று காலெல்லாம் புண், வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கல், போதாததற்குக் கங்காணியின் தொல்லை. அந்தப் பெண்கள் பட்டதை இத்தனை கிட்டத்தில் நின்று வேறு யார் எழுதினார்கள்?

மணலூர் மணியம்மாளைத் தெரியுமா? இளம் வயதில் கணவரை இழந்த பிராமணப் பெண். தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டையோடு தஞ்சை வயல்களில் கூலி விவசாயிகளுக்காகப் போராடியவர். கடைசியில் மான் முட்டி இறந்தார். அவர் சார்ந்த பொதுவுடைமை இயக்கமே மறந்துவிட்ட நிலையில், ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய், மணியம்மாளைப் பார்த்த முதியவர்களைத் தேடிப்பிடித்து ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார். என்னைக் கேட்டால், அவருடைய ஆகப் பெரிய பணி இதுதான்.

கணவர் மறைந்தபின் கடைசிக் காலம் சென்னை முதியோர் இல்லத்தில். பெண்ணின் உழைப்பையும் உரிமையையும் வாழ்நாள் முழுக்க எழுதியவருக்கு அந்த நிலை வந்திருக்கக் கூடாது. 2014 அக்டோபர் 20இல் காலமானார்.

அவர் இருக்கும்போதே, 2009இல், தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. உயிரோடிருக்கும் எழுத்தாளருக்கு அது அபூர்வம். அதனால்தான் இணையத்தில் மதுரைத் திட்டத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் அவருடைய நாவல்கள் பலவற்றை இன்று இலவசமாகப் படிக்கலாம்.

தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு ‘சுழலில் மிதக்கும் தீபங்கள்’ ஆங்கிலத்திலும் உண்டு. அதில், மாமியாரின் மடி ஆசாரத்துக்கும் புருஷன் அதிகாரத்துக்கும் வருஷக்கணக்கில் ஈடுகொடுத்த கிரிஜா, ஒருநாள் யாரிடமும் கேட்காமல் ஹரித்துவாருக்குக் கிளம்பிவிடுகிறாள். திரும்பி வந்தவளை அந்த வீடு எப்படி நடத்துகிறது என்பதை அம்மாவும் மகளும் சேர்ந்தே படிக்கலாம்.