சங்கிலி வாள் பாடும் சுருதி

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சைத் தரணி என்றதும் உங்கள் கண்முன் நெல்வயல்தான் தோன்றும். ஆனால் அதன் தெற்குக் கோடியில், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில், தென்னைதான் பல குடும்பங்களுக்குச் சோறு. அந்த ஒரே இரவில் இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மறுநாள் தொடங்கிப் பல வாரங்கள் அங்கே ஓயாமல் கேட்டது மரம் அறுக்கும் இயந்திரத்தின் அலறல். புத்தகத்தில் இதைச் சங்கிலி வாள் என்று எழுதலாம். ஊரில் ‘மரம் அறுக்கிற மெஷின்’ என்றால்தான் புரியும்.

என் தாய்மாமனின் தோப்பிலும் அந்த அலறல் கேட்டது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கடன் வாங்கிப் புதிதாக வாங்கிய இயந்திரத்துடன் வேலை செய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் நண்பகலில் இயந்திரம் ஒருமுறை வீறிட்டு, சட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் அதை எடுத்துச் சென்றோம். அவர் சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனைக் காட்டினார். அதன் பக்கவாட்டில், பூனை பிறாண்டியதைப் போல ஆழமான கோடுகள்.

“கார்புரேட்டர் ஸ்குருவை யாரு தம்பி முடுக்கினது?”

“நான்தாண்ணே. உள்ளே முடுக்கினா வேகம் கூடும்னு பக்கத்துத் தோப்புல சொன்னாங்க. நல்லாத்தான் கூடுச்சு.”

சொன்னவர் பொய் சொல்லவில்லை; வேகம் கூடியது உண்மைதான். அவர் தம் அறிவைத் தாராளமாகப் பகிர்ந்துகொண்டார். எனினும் ஓர் ஏழையின் முதலீடு பாழானது. எங்கே பிழை? அதைக் காண்பதற்கு இந்த இயந்திரத்தின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

சங்கிலி வாளில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். உங்கள் தாத்தா ஓட்டிய டி.வி.எஸ். 50 வண்டியிலும், வயலில் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரிலும் இருப்பது இதே வகைதான். இதில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் வாயில்கள் இருக்கின்றன. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றுக்குக் கதவு. பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகை வாயில் திறக்கும். சற்றுப் பின்னர் கலவை வாயில் திறந்து, அடியிலிருந்து புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை மேலே பாயும். ஏறும்போது இரண்டும் மூடப்பட்டு, கலவை நெருக்கப்பட்டு, பொறியால் எரியும். ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு.

எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறோம். அந்த எண்ணெய்தான் பிஸ்டன் உராயாமல் காக்கிறது. ஆவியாகும் பெட்ரோல் எஞ்சினைச் சற்றுக் குளிரவும் செய்கிறது. கார்புரேட்டரில் ‘ஹெச்’ என்று குறித்த ஸ்குருவை உள்ளே முடுக்கினால் பெட்ரோல் குறைகிறது. சுமையில்லாதபோது எஞ்சின் துள்ளி ஓடும். ஆனால் பெட்ரோலோடு எண்ணெயும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது, வேகமும் வெப்பமும் ஏறுகின்றன. அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்கிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு முடுக்குவது? அந்த மெக்கானிக் சொன்ன விதி இது: “மரத்துல வைக்காம முழுசா முடுக்கினா கரகரன்னு கேக்கணும். மரத்துல வச்சதும் அந்தக் கரகரப்பு போயி சுத்தமாப் பாடணும். வெறுமனே ஓடுறப்பவே சுத்தமாப் பாடுனா, சாவப் போவுதுன்னு அர்த்தம்.”

அவர் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் இதில் அசல் இயற்பியல் இருக்கிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் விநாடிக்கு 200 சுற்று. சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் அதிர்வெண் 200. பெட்ரோல் சற்று மிகுதியாக இருந்தால் ஒரு சுற்றில் கலவை சரியாக எரியாமல் போய், அடுத்த சுற்றில் எரியும். வெடிப்பு பாதியாகக் குறைகிறது. அதிர்வெண் 100 ஆகிறது. பாட்டுப் படிப்பவர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள், அது சரியாக ஒரு ஸ்தாயி கீழே! எஞ்சின் இந்த இரண்டு சுருதிகளுக்கும் இடையே தாவுவதுதான் அந்தக் கரகரப்பு. மரத்தில் வைத்ததும் சுற்று வேகம் குறைகிறது. கார்புரேட்டரின் இயல்புப்படி, காற்றோட்டம் குறையும்போது கலவையில் பெட்ரோலின் விகிதமும் சிறிது குறையும். உடனே எல்லாச் சுற்றுகளிலும் வெடிப்பு நிகழ்ந்து சுருதி சுத்தமாகிறது. திருவையாற்றுக் காற்றைச் சுவாசிக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்தாயி வேறுபாட்டைக் காதால் பிடிப்பது கடினமா என்ன?

வியப்பு என்னவென்றால், இதே விதியைக் கடல் கடந்த நாடுகளில் ஒரு கூட்டம் எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற மரம் வெட்டும் நாடுகளில், சங்கிலி வாளின் எஞ்சினைப் பிரித்துத் திருத்தி வேகப்படுத்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் போட்டிகளும் உண்டு. 1985 முதல் நடந்துவரும் மரம் வெட்டும் விளையாட்டுத் தொடர் ஒன்றில், திருத்திய வாள்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஏறக்குறைய ஒரு முழ விட்டமுள்ள கட்டையிலிருந்து மூன்று வில்லைகளை ஆறேழு விநாடிகளில் அறுத்துத் தள்ளுகிறார்கள்!

இவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள் அல்லர். விறகு வெட்டுபவர், உழவர், ஓய்வு பெற்றவர். ஒருவர் செய்ததை மற்றவர் எப்படி நம்பித் தம் எஞ்சினில் செய்கிறார்? ‘கொஞ்சம் அராவினேன், நன்றாக ஓடுகிறது’ என்றால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை பாகை, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார்கள். அவர்கள் அளக்கும் கருவிகளில் இரண்டு உங்கள் பள்ளியிலேயே இருக்கின்றன.

முதலாவது திருகு அளவி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே மிக ஒடுங்கிய சந்து இருக்கும். அது அகலமாக இருந்தால் அங்கே ஒதுங்கும் கலவை நன்றாக எரியாமல் வீணாகும். ஒடுக்கினால் வலிமை கூடும். கைவிரலும் போகாத அந்தச் சந்தை எப்படி அளப்பது? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய ஈயப் பற்றுக்கம்பியைச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை நுழைக்க வேண்டும். கடையில் சால்டர் என்று கேட்டால் தருவார்கள். பிறகு எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால், பிஸ்டன் கம்பியை நசுக்கிவிடும். வெளியே எடுத்து, நசுங்கிய முனையைத் திருகு அளவியில் வைத்தால் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை தெரியும். எவ்வளவு எளிய தந்திரம்!

அவர்கள் ஒப்புக்கொண்ட எல்லை ஏறக்குறைய 0.5 மி.மீ. அதற்கும் கீழே போனால் என்ன? மேல்நிலை வகுப்பில் படிக்கும் சீரிசை இயக்கத்தை இங்கே போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் ஓட்ட நீளம் 34 மி.மீ. என்றால் வீச்சு 17 மி.மீ.; விநாடிக்கு 200 சுற்று. உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய 2,700 மடங்கு வருகிறது. 35 கிராம் பிஸ்டன், உச்சியில் திரும்பும் கணத்தில், 90 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைப் போல் தண்டை இழுக்கிறது. தண்டு மிகச் சிறிதளவு நீளும், தாங்கியில் உள்ள இடைவெளியும் சேர்ந்துகொள்ளும். சந்து அதைவிடச் சிறிதாயிருந்தால் பிஸ்டன் தலையில் மோதும். நம் தச்சர்கள் ‘நூல்’ கணக்கில் அளப்பார்கள். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று. இங்கே கால் நூல்கூடப் பெரிய அளவாகிவிடுகிறது.

இரண்டாவது கருவி பாகைமானி. காகிதத்தில் 360 பாகைகளும் குறித்த வட்டத்தைச் சுழல் சக்கரத்தின் மேல் ஒட்டி, வாயில் எந்தப் பாகையில் திறக்கிறது என்று பார்க்கிறார்கள். பிஸ்டன் உச்சியிலிருந்து எண்ணினால் புகை வாயில் 100 பாகை அளவிலும், கலவை வாயில் 120 பாகை அளவிலும் திறப்பது ஒரு நல்ல தொடக்கம். இடைப்பட்ட 20 பாகையில்தான் எரிந்த புகையின் அழுத்தம் வெளியேறி முடிய வேண்டும். 12,000 சுற்றில் அதற்குக் கிடைக்கும் நேரம், விநாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்!

ஏன் பாகை? ‘புகை வாயிலை 1 மி.மீ. உயர்த்து’ என்று சொன்னால் போதாதா? போதாது. 34 மி.மீ. ஓட்டமுள்ள எஞ்சினில் அந்த 1 மி.மீ. ஏறக்குறைய மூன்றரைப் பாகை. அதே எஞ்சினில் கலவை வாயிலுக்கு அது நான்கு பாகைக்கும் கூடுதல், ஏனெனில் அங்கே பிஸ்டன் மெதுவாகச் செல்கிறது. பெரிய எஞ்சினில் இன்னொரு கணக்கு. மில்லிமீட்டர் அந்த ஓர் எஞ்சினுக்கே சொந்தம். பாகையோ எஞ்சின் விட்டு எஞ்சின் பயணம் செய்யும்.

ஸ்குருவின் கதையும் இதுவே. ‘ஒன்றே கால் சுற்றுத் திற’ என்று பனி பெய்யும் நாட்டில் ஒருவர் சொன்னால், அது 0 பாகை செல்சியசில் சரியாக இருந்திருக்கும். சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் 38 பாகை. 273ஐ 311ஆல் வகுத்துப் பாருங்கள். நம் காற்று எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அவர் சொன்ன சுற்று நமக்குப் பொருந்தாது. ஆனால் ‘வெறுமனே கரகரப்பு, மரத்தில் சுத்தம்’ என்ற விதி இரு ஊரிலும் பொருந்தும்.

இந்தத் துறையில் எல்லாமே இப்படித் திறந்து கிடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கின் மிகப் பெரிய இரகசியம் ஒன்று ஒரு தொழிற்சாலைச் சுவருக்குள் அடைந்து கிடந்தது. கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பொறியாளர் வால்ட்டர் காடன், புகைக்குழாயையே ஓர் இசைக்கருவியைப் போல் வடிவமைத்தார். புகை வாயில் திறந்ததும் அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடும். குழாய் நாகசுரத்தின் அணைசைப் போல் விரிந்துகொண்டே போனால், அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து எஞ்சிய புகையை இழுத்துவிடும்; கூடவே கொஞ்சம் புதுக்கலவையும் குழாய்க்குள் வந்துவிடும். குழாய் மறுபடி ஒடுங்கினால், அங்கிருந்து அழுத்த அலை திரும்பி அந்தக் கலவையை, வாயில் மூடுமுன், சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைபவர்களுக்கு இதைச் சொன்னால், குழாயின் நீளமும் விரிவும் ஒலியை ஆள்வது புதுச் செய்தியா என்று சிரிப்பார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது, அந்த நிறுவனத்தின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பியோடினார். உலகப் பட்டத்துக்கான வரிசையில் அப்போது முன்னணியில் இருந்தவர் அவர்! ஜப்பானின் சுசுகியில் சேர்ந்து, 1962இல் 50 சி.சி. உலகப் பட்டத்தை அவர்களுக்கு வென்று தந்தார். இரகசியம் ஒரு மனிதருடன் ஓடி, இன்னொரு சுவருக்குள் புகுந்தது. 1973இல் கார்டன் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைத் திருத்துவோருக்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டார். குழாய்க் கணக்கும் வாயில் கணக்கும் சாதாரண வாசகர்களின் மேசைக்கே வந்தன. போட்டி வாள்களில் இன்று நீட்டிக்கொண்டிருக்கும் விசித்திரக் குழாய்கள் அந்தக் காடன் குழாயின் பேரப்பிள்ளைகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சங்கிலி வாளை நீங்கள் தொடவே வேண்டாம். அதன் ஓசையே 100 டெசிபலுக்கு மேல். காது மூடியில்லாமல் அருகில் நிற்பதும் தவறு. பழைய மொபெட்டின் கழற்றிப் போட்ட எஞ்சின் ஒன்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடக்கும். ஈயக்கம்பியையும் காகித வட்டத்தையும் அதில் செய்து பாருங்கள்.

நான் சில வாரம் கழித்து என் திருகு அளவியுடன் பட்டுக்கோட்டைக் கடைக்குப் போனேன். இளைஞரின் இயந்திரம் புதுப் பிஸ்டனுடன் மேசையில் இருந்தது. கம்பியை நசுக்கி அளந்தோம்: 0.92 மி.மீ. சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டை எடுத்துவிட்டால் 0.4 குறைந்து, எல்லைக்குள் வந்துவிடும் என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கேஸ்கட்டை எடுத்தா சிலிண்டர் கீழ இறங்குமே சார். அப்ப புகை வாசல் லேட்டாத்தானே திறக்கும்?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய ஒன்றரைப் பாகை தாமதம். பந்தய வாளாக இருந்தால் வாயிலை மீண்டும் அராவி அதைச் சரிசெய்ய வேண்டும்.

“வாடகைக்கு ஓடுற மெஷினுக்கு இது வேணாம் சார்” என்று சொல்லி, அவர் கேஸ்கட்டை வைத்துப் போல்ட்டுகளை முடுக்கினார். பிறகு இளைஞரை அருகில் அழைத்து, ஸ்குருவை அவர் கையாலேயே திருப்பச் சொல்லி, கரகரப்பு வருகிறதா என்று கேட்கச் செய்தார்.