தட்டில் சுழன்ற குரல்கள் – 7: கொடுமுடியின் உச்சக்குரல்

சென்ற வாரம் எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கேட்டோம். அவரோடு மேடையில் சரிக்குச் சரி நின்று பாடிய குரல் ஒன்று உண்டு. இந்த வாரம் கே.பி. சுந்தராம்பாள்.

பேராக்கில் இந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஔவையார் கோலம்தான் கண்முன் வரும். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1965இல் ‘திருவிளையாடல்’. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் நடந்தால் அம்மையாரின் முருகன் பாட்டு காதில் விழாமல் போகாது. எல்லாம் அருமையான பாட்டுகள்தான். ஆனால் அவை நாற்பதைத் தாண்டிய பிறகு வந்த குரல். இளமையில் அவர் பாடிய 78 சுற்று இசைத்தட்டுகளைக் கேட்காதவர் சுந்தராம்பாளைப் பாதிதான் கேட்டிருக்கிறார் என்பேன்.

1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறுமியாகவே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தவர். அந்த மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. விடிய விடிய நாடகம். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் புரிய வேண்டும். அதனால் ஆணும் பெண்ணும் மேல் கட்டையில்தான் பாடினார்கள். ஐரோப்பிய ஓபராவின் சொப்ரானோ பாடகிகளுக்கும் இதே நெருக்கடிதான்: மைக் இல்லாமல் அரங்கை நிரப்பியாக வேண்டும். 1904இல் லண்டனில் தம் வீட்டிலேயே முதல் தட்டுகளைப் பாடிப் பதிந்த ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா உச்சத்துக்குப் போகும்போது குரலை மெல்லியதாக்கித் தலைக்குள் ஏற்றிக்கொள்வார். சுந்தராம்பாள் அப்படிச் செய்வதில்லை. திறந்த தொண்டையோடு, கீழே இருந்த அதே கனத்தோடு மேல் ஷட்ஜத்தில் போய் நிற்பார். சொல் சிதையாது; ழகரம் ழகரமாகவே ஒலிக்கும். என் காதுக்கு இதுதான் அவருடைய பெரிய சாதனை.

கொழும்பு மேடையில் கிட்டப்பாவோடு சேர்ந்ததும், 1927இல் மணந்ததும், ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் கூட்டத்தைக் கட்டிப்போட்டதும் ஊரறிந்த கதை. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27. அன்று முதல் அம்மையார் வெள்ளைக் கதர்தான் உடுத்தினார். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர், 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் தாமே நந்தனாராக நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று அன்றைக்கே நாடெங்கும் பேச்சு.

சுங்கை சிப்புட்டில் நண்பர் ஒருவர், தோட்டத்தில் கங்காணியாக இருந்த தம் தாத்தாவின் தட்டுகளை எடுத்துக் காட்டினார். சுந்தராம்பாள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கருமை மின்னும் வரிகளுக்கு நடுவே சில இடங்கள் மட்டும் சாம்பல் பூத்திருந்தன. குரல் உச்சத்துக்குப் போகும் இடங்கள் அவை. ஓசை கூடும் இடத்தில்தான் எஃகு ஊசி வரியை அதிகம் அறுக்கும். அந்த இடங்களையே அந்த வீடு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது.

கேட்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். சாவி கொடுக்கும் பெட்டியில் வில் தளரத் தளரத் தட்டு மெதுவாகும், சுருதி இறங்கும். நிமிடத்துக்கு நாலைந்து சுற்று கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இணையத்தில் ஒரே பாட்டு வெவ்வேறு சுருதியில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. அதற்குள் ராகத்தைக் கோடிகாட்டி, பாட்டைத் தொடங்கி, உச்சம் தொட்டு இறங்கியாக வேண்டும். எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேடிப் பாருங்கள், எளிதில் பிடிபடாது.

இத்தகைய தட்டுகள் இன்று அரிதாகிப்போனதற்குத் தோட்டத்தின் கதையே காரணம். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது நம் மக்கள் அலைக்கழிந்ததையும், அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் அறிவோம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களைக் காலி செய்து தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டுப்பெட்டியையும் தட்டுகளையும் சுமக்க இடமில்லை. போனது போக மிஞ்சியவை இன்னும் சில பரண்களில் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை; ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும், நடுவிலுள்ள தாள் மட்டும் நனையக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் உலர்ந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், நிமிர்த்தி வையுங்கள். எல்பி ஊசியால் ஓட்ட வேண்டாம். 78க்கென்று தடித்த முனை கொண்ட ஊசி கிடைக்கிறது. அதைக் கொண்டு ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்துவிடுங்கள். பாட்டின் முதலடி, தட்டு எண், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற மூன்றையும் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள்.