ஏரிப்பாசன ஊருக்கு ஏற்ற குடும்பக் கார்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், ஒரே வீட்டில் ஒருவர் ஏரிப்பாசனத்தில் நெல் பயிரிடுவதும், மற்றொருவர் ஒரகடம் அல்லது இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு வேலைக்குச் செல்வதும் இன்று சாதாரணம். இத்தகைய குடும்பங்கள் கார் வாங்க எண்ணும்போது, ‘வீட்டாரும் போகவேண்டும், கழனிக்கும் போகவேண்டும்’ என்று எஸ்யுவி எனப்படும் உயரமான வண்டிகளையே விரும்புகின்றன. நிலம் விற்ற பணமோ, பல ஆண்டுச் சேமிப்போ இதில் போடப்படுகிறது. ஆகவே வண்டியின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தம் வழியையும் தம் தேவையையும் அளந்து பார்த்து முடிவு செய்வது நல்லது.

ஒரகடத்தில் உருவான டஸ்டர்

இவ்வகை வண்டிக்கு நல்ல எடுத்துக்காட்டு ரெனால்ட் டஸ்டர். 2010 மார்ச்சில் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனால்ட்–நிஸான் ஆலையில் உருவாகி, 2012 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. முதலில் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வகையே கிடைத்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை 2014-ல் வந்தது. 2020-ல் டீசல் எஞ்சின் கைவிடப்பட்டது. 2022-ல் அந்த வண்டியே நிறுத்தப்பட்டது. புதிய தலைமுறை டஸ்டரை 2026 ஜனவரி 26 அன்று இந்தியாவில் அறிமுகப்படுத்துவதாக ரெனால்ட் 2025-ல் அறிவித்தது. பழைய டஸ்டர்கள் இன்றும் கைமாறி வருகின்றன. கீழே கூறப்படும் சோதனைகள் எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் வழியை அளக்கவும்

தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி பழைய டஸ்டரில் 205 மில்லிமீட்டர். நான்கு சக்கர இழுவை வகையில் 210 மில்லிமீட்டர். அதாவது சுமார் 8 அங்குலம். ஐந்து பேர் ஏறி, பின்னால் இரண்டு மூட்டையும் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி இந்த உயரம் குறையும்.

ஆயக்கட்டு வழிகளில் மழைக்காலத்தில் டிராக்டர் சென்ற தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். டிராக்டர் இதை எளிதில் கடந்துவிடும். காரின் வயிறோ மேட்டில் உட்கார்ந்துகொள்ளும்; சக்கரங்கள் பள்ளத்தில் வீணே சுழலும். ஆகவே ஒரு கோலை எடுத்துக்கொண்டு, தடத்தின் அடியிலிருந்து நடுமேட்டின் உச்சிவரை பத்து இடங்களில் அளந்து பார்க்கவும். 15 சென்டிமீட்டருக்கு மேல் பல இடங்களில் இருந்தால், கார் வாங்குவதற்கு முன் வழியைச் சீர்செய்வதே சிக்கனம். சில லோடு கிராவல் கொட்டி மேட்டைச் சமன் செய்தால் மிதிவண்டி முதல் அறுவடை இயந்திரம்வரை எல்லாவற்றுக்கும் பயன்படும்.

வழியின் அகலத்தையும் அளக்கவும். டஸ்டரின் அகலம் பக்கக் கண்ணாடிகள் நீங்கலாக 1,822 மில்லிமீட்டர், அதாவது சுமார் 6 அடி. ஏரிக்கரையில் ஏறி இறங்கும் இடத்தில் முன் பம்பர் மண்ணில் இடிக்கிறதா, கரையின் உச்சியில் அடிப்பகுதி தட்டுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வண்டியைச் சோதனை ஓட்டம் பார்க்கும்போது வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, சொந்த வழியிலேயே ஓட்டிப் பார்ப்பது சிறந்தது.

நான்கு சக்கர இழுவை யாருக்குத் தேவை?

உயரமான வண்டி எல்லாம் நான்கு சக்கர இழுவை உள்ளது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. இன்று விற்கும் நடுத்தர எஸ்யுவிகளில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை மட்டும் கொண்டவை. இவை ஈரமான சரிவில் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்வதால் முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து வழுக்கும். ஏரிக்கரை ஏற்றத்தில் இது நன்கு தெரியும்.

நான்கு சக்கர இழுவை இந்த இடத்தில் கைகொடுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. களிமண் டயரின் பள்ளங்களில் அப்பி அவற்றை அடைத்துவிட்டால், நான்கு சக்கரங்களும் சேர்ந்தே வழுக்கும். சாலைக்கான டயர்கள் சேற்றுக்கு ஏற்றவை அல்ல. காற்றைச் சிறிது குறைத்தால் பிடிப்புக் கூடும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மீண்டும் உரிய அளவுக்கு நிரப்புவது அவசியம்.

எந்த இழுவை இருந்தாலும் ஈரமான கழனிக்குள் காரை இறக்கக் கூடாது. ஈர மண்ணில் சக்கரம் ஏறினால் மண் இறுகும். நெல்லுக்குப் பின் உளுந்து போடும் நிலத்தில் இறுகிய இடங்களில் வேர் ஆழமாக இறங்காது. வண்டி வரப்போடு நிற்கட்டும்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, நான்கு சக்கர இழுவைக்காக 2.5 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதாகக் கொள்வோம். பத்து ஆண்டு கழித்து விற்கும்போது அதில் 50,000 ரூபாய் திரும்பக் கிடைத்தால், ஆண்டுக்குத் தேய்மானம் 20,000 ரூபாய். சராசரி முதலீடான 1.5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி 13,500 ரூபாய். மொத்தம் ஆண்டுக்கு 33,500 ரூபாய். இந்த வசதி உண்மையில் தேவைப்படும் சேற்று நாள் ஆண்டுக்கு 20 என்றால், ஒரு நாளைக்கு 1,675 ரூபாய் ஆகிறது. அந்த நாட்களில் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து செல்ல முடியுமானால் இச்செலவு தேவையில்லை. மலையடிவாரத் தோட்டத்திலோ, ஆற்றுக்கு அப்பாலோ குடியிருந்து, நோயாளியை இரவில் அழைத்து வரவேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு இதே செலவு நியாயமானதே.

சுமையும் பூச்சிமருந்தும்

ஐந்து பேரின் எடையே 300 கிலோவைத் தாண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும் 40 கிலோ மூட்டைகளில் இரண்டு மூன்றுக்கு மேல் ஏற்றினால் வண்டி தாழும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் 50 மூட்டை. இது டிராக்டர் டிரெயிலரின் வேலை.

எஸ்யுவியின் சாமான் பகுதிக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையே தடுப்புச் சுவர் இல்லை. எனவே பூச்சிமருந்து, களைக்கொல்லி ஆகியவற்றைக் குழந்தைகள் ஏறும் வண்டியில் கொண்டுவரவே கூடாது. ஒரு புட்டி கசிந்தாலும் நஞ்சு இருக்கையிலும் தரைவிரிப்பிலும் ஊறிவிடும்.

வெள்ளத்தில் உயரத்தை நம்பவேண்டாம்

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை இப்பகுதி மக்கள் அறிவர். ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறு கார்கள் இழுத்துச் செல்லப்படலாம். இரண்டடி நீர் எஸ்யுவியையும் புரட்டிவிடும். தரைப்பாலத்தில் நீர் ஓடும்போது திரும்பிவிடுவதே அறிவுடைமை. நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே புகுந்த நீர் எஞ்சினையே உடைத்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

1. காற்றுப்பை உள்ளதா எனப் பார்க்கவும். 2017-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத டஸ்டர், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுநர் காற்றுப்பை உள்ளது மூன்று நட்சத்திரம் பெற்றது. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதலே கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் கவனம் தேவை.

2. டீசல் டஸ்டரில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேட்கவும். அது அறுந்தால் எஞ்சின் பழுதாகிவிடும்.

3. வண்டியைத் தூக்கி அடிப்பகுதியில் துரு, அடிபட்ட தழும்பு, எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்க்கவும்.

4. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். விலை பேசும்போது இதைக் கணக்கில் கொள்ளவும்.

குடும்பத்துக்கு முதல் தேவை காற்றுப்பை, நல்ல பிரேக், எல்லோருக்கும் சீட் பெல்ட். கழனி வழிக்குத் தேவை போதிய உயரம். நான்கு சக்கர இழுவை இவற்றுக்குப் பின்னரே வரும். கோலும் கணக்கு நோட்டும் கொண்டு முடிவு செய்யும் குடும்பம், நிலத்திலிருந்து வந்த பணத்தை வீணாக்காமல் காத்துக்கொள்ளலாம்.