பருக் களிம்பும் தில்லிக் குளிரும்

சென்ற ஆண்டு நவம்பர் கடைசி வாரம். கல்லூரிக்குக் கிளம்பிக் கொண்டிருந்த என் மகள், "அம்மா, மூஞ்சியெல்லாம் எரியுதும்மா!" என்று குளியலறையிலிருந்து ஓடி வந்தாள். மூக்கின் இரு பக்கமும் வாயோரமும் சிவந்து, வெங்காயச் சருகு போலத் தோல் உரிந்திருந்தது. அடுத்த பத்தாம் நாள் அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "நான் போக மாட்டேன்" என்று அழுதாள்.

தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த அடபலீன் ஜெல்லை ஐந்து மாதமாக இரவில் தடவி வந்தாள். பரு நன்றாகவே அடங்கியிருந்தது. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கிப் போடு" என்றேன் நான். ஊரிலிருந்து தொலைபேசியில் மாமியார், "கஸ்தூரி மஞ்சளில் எலுமிச்சம்பழம் பிழிந்து பூசு" என்றார். நல்ல வேளை, இரண்டையும் செய்யாமல் மருத்துவரிடமே போனோம்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த மாதம் புதிதாக என்ன செய்தாய்?" ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கீசரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், இரவெல்லாம் ரூம் ஹீட்டர், தோழி சொன்ன சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ், ஒரு கல்யாணத்துக்காக பிளீச்சிங். "மருந்து மாறவில்லை, முகம்தான் மாறிவிட்டது" என்றார் சிரித்தபடி.

அடபலீன், ட்ரெட்டினாயின் போன்றவை ரெட்டினாய்டு வகை மருந்துகள். ட்ரெட்டினாயின் 1971 முதலே அமெரிக்காவில் பருவுக்குப் பயன்பட்டு வருகிறது. தோலின் துவாரங்கள் அடைபடாமல் இவை காக்கின்றன. ஆனால், தோலின் மேலடுக்கை வறட்சியாக்கவும் செய்யும். தொடங்கிய முதல் சில வாரங்களில் சிவப்பும் உரிதலும் சகஜம். பழகிய பிறகும் திடீரென்று எரிந்தால், வறண்ட குளிரோ வேறு பூச்சோ தோலின் காப்பைக் குலைத்திருக்கலாம். நம் ஊரின் ஈரக்காற்று இங்கே ஏது?

மருத்துவர் சொன்ன வழி இதுதான்:

* எரிச்சல் அடங்கும் வரை களிம்பை நிறுத்துங்கள். மென்மையான, வாசனையற்ற சோப்பும் மாய்ஸ்சரைசரும் போதும்.
* எலுமிச்சை, கடலைமாவு, ஸ்க்ரப், பிளீச்சிங், முகத்தில் வேக்ஸிங் எதுவும் வேண்டாம்.
* மீண்டும் தொடங்கும்போது வாரம் இரண்டு இரவு மட்டும். முகம் நன்றாக உலர்ந்தபின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. அதற்கு முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர்.
* மொட்டை மாடியில் குளிர்கால வெயில் காய்ந்தாலும் சன்ஸ்கிரீன் அவசியம்.
* முகம் வீங்கினால், கொப்புளம் வந்தால், நீர் வடிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புபவர்களும் இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

முக்கியமாக, மருந்துக் கடையில் எரிச்சலுக்கென்று ஏதாவதொரு டியூப் கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். முதலில் சுகமாக இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பருவும் கூடும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018-இல் அரசே விதித்தது.

ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. லேசான உரிதலோடுதான் மகள் நேர்முகத் தேர்வுக்குப் போனாள், துப்பட்டா இல்லாமல். ஜனவரியில் களிம்பை மறுபடி தொடங்கினாள், தொந்தரவில்லை.

மாமியாருக்குத்தான் மனம் ஆறவில்லை. அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மஞ்சள் பொங்கல் பானையின் கழுத்தில் இருக்கட்டும், எரியும் முகத்தில் வேண்டாம்.